சிங்கம் தீர்ந்துபோன நாட்கள்

எங்கள் கடைக்கு ஆண்டு விழாவாம். மலர் ஒன்று போடப்போகிறார்களாம். அதில் நானும் நாலு பக்கம் எழுத வேண்டும் என்று வினோதா வீடு தேடி வந்துவிட்டாள். காளவாசலில் இருக்கிற எங்கள் அச்சுக்கடையில் இப்போது கம்ப்யூட்டரில் டிசைன் போடும் பெண் அவள். கண் மங்கி நான் வேலையிலிருந்து நின்றபிறகு மேட்டர் எழுதுவதும் அவள் தலையில் விழுந்திருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் போஸ்டரிலும் ஃப்ளெக்ஸிலும் வருகிற வாசகத்துக்கு எங்கள் தொழிலில் மேட்டர் என்று பெயர்.

"அத்தே, தெனமும் அதே காதுகுத்து, அதே கல்யாணம். உங்களுக்கு எப்படி இம்புட்டு வருசமா சலிக்காம வந்துச்சு? அதை எழுதிக் குடுங்க" என்றாள்.

"சலிச்சுச்சு தாயி."

"அப்ப அதையே எழுதுங்க. மேல உங்க போட்டோவப் போட்டுருவோம்."

"போட்டோ போட்டா எழுத மாட்டேன்."

ஊரில் பாதிப்பேர் முகத்தை ஃப்ளெக்ஸில் ஏற்றிய கடையில் வேலை பார்த்தும் என் முகம் இதுவரை ஒரு தெருமுனையிலும் தொங்கியதில்லை. இனியும் அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். வினோதா சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். பிறகு தன் கஷ்டத்தைச் சொன்னாள். அவள் போனில் இருக்கிற ஏ.ஐ.யிடம் மேட்டர் கேட்டால் கண் மூடித் திறப்பதற்குள் பத்து வரி கொட்டுகிறதாம். பத்திலும் நிலா வருகிறதாம். நிலா வேண்டாம் என்று சொன்னால் பத்திலும் நட்சத்திரம் வருகிறதாம். போனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என்னிடம் சிங்கம் இருந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. கல்யாணப் பத்திரிகை மடிக்கத்தான் கடைக்குப் போனேன். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலம். அடித்து முடித்த எழுத்துகளைப் பிரித்து எழுத்துப் பெட்டியில் அந்தந்தக் குழியில் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். இடம்வலம் மாறிக் கிடக்கும் எழுத்தைப் படித்துப் பழகியதால் நேரான எழுத்து எனக்கு விளையாட்டாகிவிட்டது. வழக்கமாகக் கல்யாண வாழ்த்து எழுதித் தருகிற பெரியவர் ஒருநாள் வரவில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் வாசலில் நின்று கத்தினார்கள். மடித்துக்கொண்டிருந்த தாளின் ஓரத்தில் நான் ரெண்டு வரி எழுதி முதலாளியின் மேசையில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடிவிட்டேன். அப்படி ஓடினவள்தான், முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பின்கட்டிலேயே உட்கார்ந்து எழுதினேன்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா, மூன்றிலும் மை இருக்காது. நான் எழுதிக் கொடுத்ததை அவர் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கரண்ட் பில் படிக்கிற மாதிரி ஒரே குரலில் வாசிப்பார். "வானம். பூத்தூவ. வையகம். வாழ்த்த." அவ்வளவுதான். நாம் கண்ணீர் விட்டு எழுதியதும் அவர் வாயில் யூனிட் கணக்கு மாதிரி வரும். அப்படி வாசித்தும் கேட்கிறவன் முகத்தில் ஏதாவது அசைந்தால், "ம், அடிக்கலாம்" என்பார். அசையவில்லை என்றால் தாளை எட்டாக மடித்து ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் செருகுவார். என் எழுத்தால் அந்த மேசை பல வருஷம் ஆடாமல் நின்றது.

வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்பதெல்லாம் அவர்தான். ஒரு பிளைவுட் தட்டிக்குப் பின்னால் காகித ரீம் கட்டுகளின் மேல் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். முன்னால் வந்து நிற்க எனக்குக் கூச்சம். ஆள் முகத்தைப் பார்த்தால் பேனா நின்றுவிடும். முதலாளி கேட்பதில் ஒரு முறை உண்டு. முதலில் சாமி படம் எது? அதற்குக் கீழே இறந்துபோன பெரியவர்கள் யார் யார்? அப்புறம் உயிரோடு இருக்கிறவர்கள், அதில் யார் மேலே, யார் கீழே? இதைத் திருப்பித் திருப்பி மூன்று தரம் கேட்பார். எல்லாத் தலையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒருவர் தலை எலுமிச்சம்பழ அளவிலும் இன்னொருவர் தலை நெல்லிக்காய் அளவிலும் வந்துவிட்டால் மண்டபத்தில் பந்தி நடக்காது, வேறு ஏதாவது நடக்கும்.

ஃப்ளெக்ஸ் வந்தபிறகுதான் எனக்குச் சிங்கம் பிடித்தது. காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் ராஜா. பிள்ளையை அவர் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை போடுவார்கள், காது குத்துவார்கள். அதனால் சீர் கொண்டு வருகிற தாய்மாமனை ஒரு தரம் 'சீர்சுமந்து வரும் சிங்கமே' என்று எழுதினேன். அது ஓடு ஓடென்று ஓடியது. எல்லோரும் அதையே கேட்டார்கள். 'சீறிவரும் சிங்கம்', 'செக்கானூரணிச் சிங்கம்', 'சிங்கத்தின் சீர்வரிசை.' காளவாசல் முக்கில் நின்றால் நாலு பக்கமும் என் சிங்கங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு டீக்கடைக்காரர் முதலாளியிடம், "என்னண்ணே, அந்தச் சிங்கத்தை இன்னும் எத்தனை வீட்டுக்கு வாடகைக்கு விடுவீங்க?" என்று கேட்டுவிட்டார். தட்டிக்குப் பின்னால் எனக்குக் காது சுட்டது.

அதற்குப் பிறகு எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வராது. சிங்கத்தைத் தள்ளிவிட்டால் புலி வரும். புலியைத் தள்ளினால் வெறும் தாள்தான். வேலைக்குப் போகவே கால் எழவில்லை. பத்திரிகை மடிக்கிற வேலைக்கே திரும்பிவிடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "மடிக்க மிஷின் வாங்கியாச்சேம்மா" என்றார் கரண்ட் பில் குரலில். அந்த மாதிரி ஒரு நாளில்தான் ஒச்சப்பன் வந்தார்.

உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். நாலு மாடு, கொஞ்சம் மானாவாரி நிலம். கூட அவர் மனைவி ஜெயாவும் கூட்டாளி ஒருவரும். கூட்டாளிதான் பேச்சை ஆரம்பித்தார்.

"அண்ணே, நம்ம மாப்ள ஒச்சப்பனோட தங்கச்சி மகனுக்குத் திருப்பரங்குன்றத்துல காதுகுத்து. தாய்மாமன் வாரான்னு ஊரே நடுங்கணும். இருவது பேர் போட்டோ இருக்கு. சிங்கம் கண்டிப்பா வேணும்."

"சிங்கமாம்" என்றாள் ஜெயா. "நேத்துப் பூனை குறுக்க போச்சுன்னு வண்டியத் திருப்பிக்கிட்டு வீட்டுக்கு வந்த ஆளு."

முதலாளி தன் முறைப்படி யார் மேலே, யார் கீழே என்று கேட்கத் தொடங்கியதும் கூட்டாளி, "அதாண்ணே பிரச்சினையே" என்று விஷயத்தை உடைத்தார். நாலு வருஷம் முன்னால் தங்கச்சி பவுனுத்தாய் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியிருக்கிறாள். அந்தப் பத்திரிகையில் புருஷனின் அண்ணன் பெயர் மேலேயும் ஒச்சப்பன் பெயர் கீழேயும் வந்துவிட்டது. எங்கள் கடையில் அடித்ததல்ல அது. எங்கள் முதலாளி என்றால் மூன்று தரம் கேட்டிருப்பார். ஒச்சப்பன் வீட்டு வாசல்வரை வந்து, பால்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசவில்லை. அதற்கப்புறம்தான் இந்தப் பிள்ளை பிறந்தது. ஒச்சப்பன் அவனைப் போனில் பார்த்ததோடு சரி, தூக்கியதில்லை.

"இப்ப கூப்புட்டாகளா?" என்று கேட்டார் முதலாளி.

"தட்டுல வெத்தலை பாக்கு வச்சுப் புருசனும் பொண்டாட்டியுமா வந்து கூப்புடணும்ல? வரலை. சொந்தக்காரக கையில பத்திரிகை மட்டும் குடுத்துவிட்டுருக்கா. மாப்ள போகலைன்னா அவ பெரியப்பன் மகன் மடியில ஒக்கார வச்சுருவாக."

கூப்பிட்டதாகவும் வைத்துக்கொள்ளலாம், கூப்பிடாததாகவும் வைத்துக்கொள்ளலாம். பவுனு வீட்டுத் தெருமுனையில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்து, அவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பதுதான் அவர்கள் திட்டம். அதில் கெஞ்சினால் ஒச்சப்பன் மானம் போகும். அதட்டினால் அவள் கிழித்து எறிவாள். கிழித்துவிட்டால் அப்புறம் அந்த வாசல் இந்த ஜென்மத்துக்குத் திறக்காது.

நான் எழுதினேன். வேறென்ன, சிங்கம்தான். முதலாளி வாசித்தார். தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஒச்சப்பன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றார். மருந்து கசக்கவில்லை என்று டாக்டரிடம் சொல்கிற மாதிரி இருந்தது அது. முதலாளி தாளை எட்டாக மடித்துக்கொண்டே, "நாளைக்கு வாங்க" என்றார்.

அன்று சாயங்காலம் பஸ் ஏறித் திருப்பரங்குன்றம் போனேன். கோயில் வாசலில் உட்கார்ந்தால் ஏதாவது தோன்றும் என்று நினைப்பு. சுண்டல் வாங்கித் தின்றதுதான் மிச்சம்.

மறுநாள் புருஷனும் மனைவியும் மட்டும் வந்தார்கள். வருகிற வழியில் அவர்களுக்குள் ஏதோ சண்டை. ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஆனால் பேசாமலும் இருக்கவில்லை. ஜெயா முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணே, காலையில இருந்து சாப்புடலை, ஏதாச்சும் சாப்புடச் சொல்லுங்க அந்த ஆளை. மயங்கி விழுந்தா என்னால தூக்க முடியாது."

ஒச்சப்பன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துச் சொன்னார்: "பசிக்கிறவுக சாப்புடட்டும். எனக்குப் பசிக்கலை."

"வெக்கங்கெட்ட வகுறு பசிக்கலையாம். அண்ணே, கேட்டுக்கங்க. எங்கூருல அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் முறைமாமன்னு ஓடிஓடிப் போயி உக்காந்த மடி இது. கூடப்பொறந்தவ பிள்ளைக்கு மட்டும் காலியாக் கெடக்கு. ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தது யாராம்? நானாண்ணே?"

ஒச்சப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

தட்டிக்குப் பின்னால் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் கோபித்துக்கொண்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். மாமியார் மாட்டைப் பார்த்துப் பேசுவாள், மருமகள் அடுப்பைப் பார்த்துப் பேசுவாள், சேதி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். ஒச்சப்பன் தங்கச்சியோடு பேச முடியாது. ஆனால் நடுவில் ஒரு பிள்ளை இருக்கிறானே! அவனோடு யார் சண்டை போட்டார்கள்?

தாளை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினேன்.

'மருமகனே, மாமன் மடி காலியா இருக்கு.'

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். வழக்கம்போல ஒரே குரல்தான். ஒச்சப்பன் ரோட்டைப் பார்த்தபடியே நின்றார். காது மடல் மட்டும் சிவந்தது. ஜெயா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ம்" என்றார் முதலாளி. அதோடு நிறுத்திக்கொண்டு தட்டிப்பக்கம் திரும்பினார். "ஏம்மா, இம்புட்டுத்தானா? பாதி ஃப்ளெக்ஸ் வெறுசாக் கெடக்குமே?"

"கெடக்கட்டும்ணே" என்று நான் சொல்வதற்குள் ஒச்சப்பன் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் கூட்டாளி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். சிங்கம் இல்லை. இருபது பேர் போட்டோ இல்லை. கூட்டாளியின் போட்டோவும் இல்லை. மூலையில் ஒச்சப்பன் பெயர், ஊர், அடியில் எங்கள் கடைப் பெயர். "இதைப் பாத்து எவன்ணே நடுங்குவான்?" என்று புலம்பிக்கொண்டே ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு போனார்.

காதுகுத்துக்கு இன்னும் சில நாள் இருந்தது. அந்த நாட்களில் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அதற்கு முன்னால் எழுதிக் கொடுத்த மேட்டர் எங்கே தொங்குகிறது, யார் படிக்கிறார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. இப்போது கண்ணை மூடினால் அந்தத் தெருமுனைதான். கிழித்திருப்பாளோ, மாடு தின்றிருக்குமோ என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் ஒன்று, காலையில் கடைக்குப் போகக் கால் தானாக எழுந்தது. போனால்தானே சேதி தெரியும்!

சேதி நேரே வந்தது. ஒரு மத்தியானம் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு கடைக்குள் ஏறினாள். நெற்றியில் அதே மேடு, அதே மூக்கு. சொல்லாமலே தெரிந்தது, பவுனுத்தாய்.

"எங்கண்ணனுக்கு ஃப்ளெக்ஸ் எழுதுனது யாரு?"

முதலாளி சட்டைப்பையிலிருந்த பேனாக்களை வரிசையாக எடுத்து உதறிப் பார்த்தார். நான் ரீம் கட்டுகளுக்கு நடுவில் குனிந்துகொண்டேன்.

"அதைப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கலை. ஆனா அப்பவே சந்தேகம். அந்த ஆளுக்கு இப்புடியெல்லாம் பேச வராதே! யாருக்கோ காசக் குடுத்து எழுதி வாங்கிருக்கான். அப்புடித்தானே? சொல்லுங்க. அவன் மனசுல இல்லாததுன்னா இப்பவே போயி அவுத்துப்புடுறேன்."

முதலாளிக்கு யார் மேலே, யார் கீழே என்று கேட்கத் தெரியும். இதற்குப் பதில் சொல்லத் தெரியாது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளை இடுப்பிலிருந்து இறங்கி, தட்டியைச் சுற்றித் தத்தித் தத்தி வந்து என் முன்னால் நின்றான். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அப்புறம் ரொம்ப நாள் பழகினவன் மாதிரி திரும்பி என் மடியில் உட்கார்ந்துவிட்டான். அவனைத் தேடிக்கொண்டு அவளும் வந்தாள்.

"நீங்கதானா?"

நான் தலையாட்டினேன். ஆனால் நான் பேசவில்லை என்றால் அவள் போய் ஃப்ளெக்ஸை அவிழ்ப்பாள். வாழ்க்கையிலேயே முதல் தரமாக ஒரு வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

"எழுதுனது நான்தான் தாயி. ஆனா நானா யோசிச்சு எழுதுனது வேற, அது சிங்கம். அதுக்கு உங்கண்ணன் மூஞ்சி அசையவே இல்லை. இது உங்க மதினி சொன்னது. மடி காலியாக் கெடக்குன்னு ராத்திரியெல்லாம் தூங்காமப் பொரள்றாருன்னு இந்தக் கடையில நின்னு திட்டுச்சு. அவரு இல்லைன்னு சொல்லலை. துண்டால மூஞ்சியத் தொடச்சாரு. நான் அதைத்தான் எழுதுனேன்."



"சிங்கமா? அவனையா எழுதுனீக?" பவுனுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "கன்னுக்குட்டி முட்ட வந்தாலே என் பின்னால வந்து ஒளிவானேம்மா அவன்!"

அந்த நேரம் பார்த்து என் மடி சூடானது. பிள்ளை ஒன்றுக்குப் போய்விட்டான். சேலை, அதற்கடியில் இருந்த ரீம் கட்டு, எல்லாம் நனைந்தது. பவுனு பதறிப்போய் அவனைத் தூக்கினாள்.

"ஐயோ, மன்னிச்சுக்கங்கம்மா. இந்தப் பய யாரு மடியில உக்காந்தாலும் இதைத்தான் செய்வான்."

சொல்லிவிட்டு நனைந்த என் சேலையைப் பார்த்தாள். அப்புறம் முதலாளியிடம் திரும்பினாள். அவள் கேட்டது, தானும் ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும், அண்ணன் வைத்த ஃப்ளெக்ஸுக்கு நேர் எதிரே வைக்க வேண்டும் என்பது. நான் ஆசையாகப் பேனாவை எடுத்தேன். அவள் என்னை யோசிக்க விடவே இல்லை. இடுப்புப் பிள்ளையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"எழுதுங்க. 'மாமா, மாத்து வேட்டி எடுத்துட்டு வாங்க. மடியில ஒண்ணுக்குப் போயிருவேன்.' இம்புட்டுத்தான். இவன் போட்டோ மட்டும் போதும்."

முதலாளி வாசித்தார். பாதியில் அவருக்கே இருமல் மாதிரி ஏதோ வந்துவிட்டது. "ம், அடிக்கலாம்" என்றார்.

வினோதா, நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். அந்த வரியை நான் எழுதவில்லை. நூறு வருஷம் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து யோசித்தாலும் எனக்கு வந்திருக்காது. என் சிங்கம் தீர்ந்துபோனது நல்லதாகப் போயிற்று. அதற்குப் பிறகு மேட்டர் வராத நாளில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன். கடைக்குள் ஏறுகிறவர்கள் பத்திரிகை அடிக்க வந்ததாகத்தான் நினைக்கிறார்கள். அதற்கு நடுவில், விலை கேட்கும்போதும் ஒருத்தரையொருத்தர் திட்டும்போதும், எழுத வேண்டியதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நாளைக்கு யார் வந்து என்ன சொல்வார்களோ என்கிற ஆசையில்தான் இத்தனை வருஷமும் போனேன். உன் போனையும் ஒருநாள் வாடிக்கையாளர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார். நிலாவை விட்டாலும் விடும்.

காதுகுத்தன்று காலையில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அழைப்பு இருந்தும் மண்டபத்துக்குள் போகக் கூச்சம். திருப்பரங்குன்றம் போய், மண்டபத்துக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றுகொண்டேன். மண்டபத்து வாசலுக்கு ரெண்டு ஃப்ளெக்ஸையும் கொண்டுவந்து எதிரும் புதிருமாகக் கட்டியிருந்தார்கள். மேளச்சத்தம் கேட்டது. சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன. முன்னால் ஜெயா. அவள் கையிலிருந்த முதல் தட்டில் பழம் இல்லை, பூ இல்லை, பலகாரம் இல்லை. வெள்ளை வெளேரென்று மடித்து அடுக்கிய வேட்டிகள். ரோட்டில் போகிறவர்கள் தட்டைப் பார்ப்பதும் ஃப்ளெக்ஸைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக நின்றார்கள். ஒச்சப்பன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

ரெண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவது வருவதற்குள் ஒச்சப்பன் வெளியே வந்தார், புது வேட்டியில். கையில் நனைந்த வேட்டி. அதை முறுக்கிப் பிழிந்து, உதறி, தன் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்த மூங்கில் மேலேயே காயப்போட்டார். போட்டுவிட்டு, ஏதோ பெரிய காரியம் முடித்தவர் மாதிரி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளேயிருந்து பவுனுவின் குரல் மேளத்தை மீறிக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, அங்க என்ன வேடிக்கை? இன்னொன்னு எடுத்துட்டு உள்ள வா!"